படிக்கல்லாகக் கிடந்த திருகையில் குரக்கன் மா

ஒருவழியாகத் திருகை மாத் தள்ளுகிறது. விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்தால் நறநறப்பு இல்லை, சுடுதண்ணீர் விட்டுப் பிசைந்தால் பிடித்துக்கொள்கிறது. இதே கல்லில் முதலில் போட்ட குரக்கன் (கேழ்வரகு) முழுசு முழுசாக வெளியே உருண்டு வந்து கீழே விரித்த படங்கில் விழுந்தது. இடையில் என்னென்ன செய்தோம் என்பதை வரிசையாக எழுதி வைக்கிறேன், ஏனென்றால் இலங்கையில், பதுளை மாவட்டத்துப் பசறைப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்ட லயத்திலேயே (வரிசை வீடுகளிலேயே) இன்னும் சில வீட்டுப் பின்புறக் கோடிகளில் இப்படிக் கற்கள் கிடக்கின்றன, ஒன்றில் துணி துவைக்கிறார்கள், ஒன்று கோழிக்கூட்டுக் கதவுக்கு முட்டாக நிற்கிறது. மழுங்கிப் போயிருப்பதைத் தவிர அவற்றுக்கு வேறு குறை கிடையாது, உளியால் முகத்தைக் கொத்தினால் அரைக்கும். ஆனால் எதை அரைக்கப் போகிறோம் என்று தெரிந்துகொண்டு கொத்த வேண்டும். எங்களுக்கு அதிக நேரமும் காசும் போனது அந்த ஒரு விஷயம் பிடிபடத்தான்.

எங்கள் வீடுகளில் காலையிலும் ராவிலும் கோதுமை ரொட்டிதான். 2022 இல் மா விலை தாறுமாறாக ஏறி, சில நாள் காசு கொடுத்தாலும் கடையில் மா இல்லை என்கிற நிலைமை வந்தபோதுதான் நாங்கள் குரக்கன் பக்கம் திரும்பினோம். பசறையிலிருந்து லுணுகலை வழியாக இறங்கினால் பிபிலை, அந்தப் பக்கத்துச் சேனைகளில் (காடு வெட்டி எரித்துப் பயிர் செய்கிற நிலங்களில்) புரட்டாசி ஐப்பசி மழையோடு விதைக்கிற குரக்கன் தை மாசி வாக்கில் அறுவடைக்கு வரும். மணியாக வாங்கினால் பெரிய வசதி ஒன்று இருக்கிறது. நன்றாகக் காய்ந்த குரக்கனில் லேசில் வண்டு விழாது, வருஷக்கணக்கில் வைக்கலாம். மாவாக்கிய பிறகுதான் அதன் ஆயுள் குறைகிறது, தவிடும் முளையும் சேர்ந்தே அரைபடுவதால் நாளாக நாளாகக் காறல் வாடை வரும். அதனால் தேவைக்கு அப்பப்போ கொஞ்சம் கொஞ்சமாக அரைத்துக்கொள்வதுதான் சரி. ஆனால் டவுண் மில்லில் ஐந்து கிலோவுக்குக் குறைய எடுக்கமாட்டார்கள், எங்களுக்கு முன்னால் யாராவது மிளகாய் அரைத்திருந்தால் மா முழுக்க அந்தக் காரம். பிளெண்டரில் போட்டால் ரவை மட்டத்தோடு நின்றுவிடுகிறது, அதற்குமேல் ஓடவிட்டால் மோட்டர் சுடுகிறது.

அப்புறம்தான் அத்தை கோடிப்புறத்துப் படியைக் காட்டினார். "அந்தப் படிக்கல்லு இருக்குல்ல புள்ள, அது எங்க மாமியா திருக. பஞ்ச காலத்துல அதுலதான் கேப்ப அரைச்சோம்." 1973, 74 பஞ்சத்தைத்தான் அத்தை அப்படிச் சொல்வார். மேல் கல் படியாகிக் கிடந்தது, கீழ்க் கல் தண்ணீர்ப் பீலிக்குப் போகிற வழியில் பாதி மண்ணுக்குள் இருந்தது. எடுத்து அளந்தோம். இரண்டும் 14 அங்குல விட்டம். மேல் கல் 3 அங்குலக் கனம், கொழுந்துத் தராசில் வைத்தபோது 20 கிலோவுக்குக் கொஞ்சம் கீழே காட்டியது. கீழ்க் கல் 4 அங்குலக் கனம். மேல் கல்லின் நடுவில் தானியம் போடுகிற கண் இரண்டரை அங்குலம். விளிம்போரத்தில் கைப்பிடி செருகுகிற குழி ஒன்று.

முதலில் கழுவல். கல்லின் ஒரு பக்கம் சீமெந்து ஒட்டியிருந்தது, பழைய உளியை வைத்துப் பெயர்த்தோம். பாசியைச் சுடுதண்ணீரும் தும்பும் போட்டுத் தேய்த்தால் போகும், மிச்சத்துக்குக் கம்பித்தூரிகை. சவர்க்காரம் போடவில்லை, அந்த வாசம் பிறகு மாவில் வரும் என்று பயம். காய்ந்த பிறகு கல்லை நிமிர்த்தி, அடியில் கயிறு கொடுத்துத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கரண்டியால் சுற்றிலும் தட்டிப் பார்த்தோம். வெடிப்பு இல்லாத கல் கணீரென்று கேட்கும். கைப்பிடிக் குழிக்குப் பக்கத்தில் மட்டும் சத்தம் அடைத்துக்கொண்டது. ஈரத்துணியால் துடைத்துவிட்டு உற்றுப் பார்த்தோம். கல் முழுவதும் காய்ந்த பிறகும் அந்த இடத்தில் மயிர்க்கனத்தில் ஈரக்கோடு ஒன்று நின்றது. குழியிலிருந்து விளிம்பு வரைக்கும் ஓடுகிற வெடிப்பு அது.

மேல் லயத்தில் ஒரு பெரியவர் இருக்கிறார், தோட்டத்தில் கல்கட்டு வேலை செய்து ஓய்ந்தவர். கல் மாமா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அவர் வந்து குழிக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, மரம்தான் இதை உடைத்திருக்கிறது என்றார். கைப்பிடிக் கட்டையை இறுக்கமாக அடித்து இறக்கியிருக்கிறார்கள், மழைக்காலத்து ஈரத்தில் கட்டை ஊதிக் கல்லை நெம்பியிருக்கிறது. "கல்லப் பொளக்கிறதுக்கே காஞ்ச ஆப்ப அடிச்சு தண்ணி ஊத்துவோம். நீங்க அதையே திருகையில செஞ்சு வெச்சிருக்கீங்க." எங்கள் ஊர் ஈரத்துக்கு இது முக்கியம். பழைய குழியை அப்படியே விட்டுவிட்டு நேர் எதிர்ப்பக்கத்தில் புதுக் குழி எடுத்தோம், ஓர் அங்குல அகலம், இரண்டு அங்குல ஆழம், விளிம்பிலிருந்து இரண்டு அங்குலம் உள்ளே தள்ளி. கைப்பிடிக்குப் பிடுங்கிப் போட்ட பழைய தேயிலைச் செடியின் தண்டு. தேயிலை மரம் நல்ல வைரம், கைபட்டுக் கைபட்டு வழவழப்பாகும். குழியை விட ஒரு நூல் மெலிதாகச் சீவி, தேங்காய் எண்ணெயில் ஊறவைத்து, அடியில் சீலைத்துண்டு சுற்றி, கையாலேயே அமுக்கிச் செருகினோம். சுத்தியல் படவே இல்லை. தளர்ந்தால் சீலையை மாற்றினால் போதும்.

கீழ்க் கல்லின் நடு முளை (மேல் கல் சுற்றுகிற அச்சு) துருப்பிடித்து முறிந்து வெறும் அடிக்கட்டையாக நின்றது. அதைச் சுற்றித் துளைத்து எடுத்தோம். கருங்கல்லில் சாதாரண பிட் வேலை செய்யாது, கார்பைட் பிட் வேண்டும், நிறுத்தி நிறுத்தி ஆறவிட்டுத் துளைக்க வேண்டும். முளை ஆடாமல் நிற்கக் காரீயம் உருக்கி ஊற்றுவதுதான் பழைய முறை என்று கல் மாமா சொன்னார். மா விழுகிற இடத்தில் காரீயம் வேண்டவே வேண்டாம் என்று நான் ஒத்துக்கொள்ளவில்லை, அது உடம்புக்குள் சேர்ந்தால் லேசில் போகாத நஞ்சு, பிள்ளைகள் சாப்பிடுகிற வீடு. ஒன்றரை அங்குலக் குழியில் எண்ணெயில் ஊறிய கொய்யாக் கட்டையை இறக்கி, அதன் நடுவில் அரை அங்குல ஸ்டெயின்லஸ் கம்பியை நிறுத்தினோம். வெறும் கொய்யா முளையைத்தான் முதலில் வைத்துப் பார்த்தோம், கொஞ்ச நாளிலேயே தேய்ந்து மேல் கல் அலையத் தொடங்கியது. மேல் கல்லின் கண்ணுக்குக் குறுக்கே, அடிப்பக்கமாக இரண்டு வெட்டு எடுத்து ஒரு கொய்யாப் பட்டையைப் பதித்தோம். அதன் நடுத்துளையில் கம்பி ஓடும், பட்டையின் இரண்டு பக்கமும் தானியம் இறங்கும்.

கம்பி நிமிர்ந்து நிற்கிறதா என்பதைக் கண்ணை நம்பி விட முடியாது. மூலைமட்டத்தை நாலு பக்கமும் வைத்துப் பார்க்க வேண்டும், அதுவும் கல்லின் முகத்தோடு ஒட்டி. எங்களுடையது ஒரு பக்கம் சாய்ந்திருந்ததை மா காட்டித்தந்தது, கிழக்குப் பக்கம் நைசாக விழுந்த மா மேற்குப் பக்கம் குறுணலாக விழுந்தது. கட்டையை எடுத்து ஆப்பு வைத்துச் சரிக்கட்டிய பிறகு சுற்றிலும் ஒரே மாதிரி.

இனிக் கொத்து. இதில்தான் வழி தவறினோம்.

இணையத்தில் பார்த்த ஆட்டா மில் கற்களில் எல்லாம் நடுவிலிருந்து விளிம்புக்கு நீளமான பள்ளங்கள் ஓடும். அதைப் பார்த்து என் வீட்டுக்காரர் நாலு அங்குல ஆங்கிள் கிரைண்டரில் வைரத்தூள் பிளேட்டைப் போட்டு இரண்டு கல்லிலும் பதினாறு பள்ளம், ஒவ்வொன்றும் ஐந்து மில்லிமீற்றர் ஆழத்தில், விளிம்பு வரைக்கும் வெட்டினார். பார்க்க அழகாக இருந்தது. குரக்கனைப் போட்டுச் சுற்றினால் பாதிக்கு மேல் முழு மணியாகவே வந்தது. குரக்கன் மணியே ஒன்றரை மில்லிமீற்றர்தான் இருக்கும், ஐந்து மில்லிமீற்றர் பள்ளத்தில் அது எங்கும் உரசாமல் ஓடி வெளியே வந்துவிடுகிறது. சோளம் உடைக்க, பயறு உடைக்க அந்த ஆழம் நல்லது. குரக்கனுக்கு விளிம்போரத்தில் பள்ளமே இருக்கக் கூடாது, புள்ளிக் கொத்து மட்டும்தான் என்று கல் மாமா சொன்னபோது கல்லை வெட்டி முடித்திருந்தோம்.

வெட்டிய பள்ளத்தைத் திருப்பி நிரப்ப வழியில்லை, முகத்தைத்தான் இறக்க வேண்டும். கிரைண்டரில் வைரத்தூள் கப் வீல் (முகத்தைத் தேய்க்கிற கிண்ண வடிவச் சக்கரம்) ஒன்று பூட்டி, வெளி விளிம்பிலிருந்து இரண்டரை அங்குலம் வரைக்கும் பள்ளம் முற்றாக மறையும்படி அரைத்தோம். உள்ளே கண்ணோரமாக மட்டும் இரண்டு மில்லிமீற்றர் ஆழத்துக்குப் பள்ளம் மிஞ்சியது. அது தானியத்தை விளிம்புக்குத் தள்ளிக் கொடுக்கப் போதும். இந்த வேலையைத் திறந்த வெளியில், காற்று வீசுகிற பக்கத்துக்கு முதுகைக் காட்டி, நல்ல முகமூடியும் கண்ணாடியும் போட்டுத்தான் செய்ய வேண்டும். கருங்கல் தூசு நெஞ்சுக்குள் போனால் அங்கேயே தங்கி நுரையீரலைக் கெடுக்கும், கல்லுடைப்பவர்களுக்கு வருகிற நோய் அதனால்தான். பிள்ளைகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். உளியால் கொத்துகிறபோது கல்லை ஈரமாகவே வைத்திருந்தோம், தூசு சேறாகி அங்கேயே நின்றுவிடும்.

முகம் மட்டமா என்று பார்க்க ஒரு நல்ல வழி இருக்கிறது. நேராக இழைத்த பலகை ஒன்றில் அடுப்புக்கரியைத் தண்ணீரில் குழைத்துப் பூசி, கல்லின் முகத்தில் மெதுவாக ஒரு தேய். மேடு எங்கே இருக்கிறதோ அங்கே மட்டும் கறுப்பு ஒட்டும். அந்தக் கறுப்பைக் கொத்தி இறக்கு, துடை, மறுபடி தேய். முதலில் மூன்று நாலு பெரிய கறுப்புத் திட்டு வரும், கொத்தக் கொத்தத் திட்டுகள் சிறிசாகிப் பரவும், கடைசியில் விளிம்பைச் சுற்றி எல்லா இடத்திலும் பொட்டுப் பொட்டாக ஒரே சீராக ஒட்டினால் முகம் வந்துவிட்டது என்று அர்த்தம். இந்த வேலையை நான்தான் செய்தேன். மத்தியானம் இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) உட்கார்ந்தால் பொழுது போவதே தெரியாது, கறுப்பு எங்கே ஒட்டுகிறது என்று பார்க்கிற ஆசையிலேயே கை ஓடும்.

மேல் கல்லின் முகம் மட்டமாக இருந்தால் போதாது, நடுப்பக்கம் கொஞ்சம் குழிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கண்ணிலிருந்து மணி உள்ளே நுழையாது. மேல் கல்லைக் கவிழ்த்து வைத்து, முகத்துக்குக் குறுக்கே நேரான இரும்புப் பட்டியை வைத்துப் பார்த்தோம். கண்ணோரத்தில் பட்டிக்கு அடியில் ஒரு குரக்கன் மணி உருண்டு போகிற இடைவெளி, சுமார் இரண்டு மில்லிமீற்றர். பாதி வழியில் ஒரு தபாலட்டை போக வேண்டும். விளிம்பில் செய்தித்தாள் துண்டை வைத்து இழுத்தால் பிடித்துக்கொண்டு வர வேண்டும். இந்த மூன்று அளவும்தான் எங்கள் திருகையின் உயிர். யாராவது இதைச் செய்யப் போனால் மற்ற எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

கொத்துக்கு உளி இரண்டு கொல்லன் கம்மாலையில் சொல்லிச் செய்தோம், பழைய லொறி ஸ்பிரிங் பட்டையில், நுனி கூர்மையாக. ஹாட்வெயார் கடையில் வாங்கிய உளி கருங்கல்லில் கொஞ்ச நேரத்திலேயே மழுங்கியது. சுத்தியல் ஒரு இறாத்தல் (பவுண்ட்) போதும். நான் இரண்டு இறாத்தல் சுத்தியலை எடுத்து ஓங்கியதும் கல் மாமா கையைப் பிடித்துக்கொண்டார். "அடிக்காத புள்ள, தட்டு. அடிச்சா பொரிஞ்சு போவும்." உண்மைதான், ஓங்கி அடித்த இடத்தில் நகக்கண் அளவுக்குச் சில்லாகப் பெயர்ந்தது. உளியை ஏறக்குறைய நிமிர்த்திப் பிடித்து, சுத்தியல் தன் பாரத்திலேயே விழட்டும் என்று விட்டால், ஒரு தட்டுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி விழும். ஆழம் ஒரு மில்லிமீற்றர் இருந்தால் அதிகம். புள்ளிக்குப் புள்ளி மூன்று நாலு மில்லிமீற்றர் விட்டு, வரிசையைக் கண்ணிலிருந்து நேர்க்கோட்டில் இழுக்காமல் சாய்த்து இழுக்க வேண்டும், இரண்டு கல்லுக்கும் ஒரே பக்கச் சாய்வு. மேல் கல்லைக் கவிழ்த்ததும் அந்த வரிசைகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டும். சுற்றும்போது கத்தரிக்கோல் மாதிரி மணியை வெட்டிக்கொண்டே வெளியே தள்ளுவது அந்தக் குறுக்குதான். கப் வீல் வழவழப்பாக்கி வைத்த முகத்தில் இந்தக் கொத்து விழுந்த பிறகுதான் விரலை வைத்தால் கல் 'பிடிக்கிற' மாதிரி இருந்தது.

புதிதாகக் கொத்திய கல்லில் உடனே சாப்பாட்டுக்கு அரைக்கக் கூடாது. குறுணல் அரிசியைப் போட்டு அரைத்துக் கொட்டிவிட வேண்டும், கோழிக்குக்கூடப் போடவில்லை. முதலில் வந்த மா சாம்பல் நிறம். திரும்பத் திரும்ப அரைத்து வெள்ளையான பிறகும் நம்பாமல், ஒரு கரண்டி மாவை வெள்ளைப் பீங்கான் தட்டில் தண்ணீரில் கரைத்து, சுழற்றிச் சுழற்றி மேல் தண்ணீரை ஊற்றிவிட்டு, அடியில் தங்கியதை நகத்தால் தட்டில் தேய்த்துப் பார்த்தேன். கீறுகிற சத்தம் இருந்தால் கல் இன்னும் உதிர்கிறது. சத்தம் நின்ற பிறகு இன்னொரு கிலோ குறுணலையும் அரைத்துக் கொட்டினேன். அரிசியைக் கொட்ட மனசு வராதுதான், ஆனால் பல்லும் வயிறும் அதைவிடப் பெரிசு.

குரக்கனையும் அப்படியே போட முடியாது. களத்து மண்ணும் பொடிக் கல்லும் குரக்கனோடு கூடவே வரும், அளவும் மணியளவுதான் என்பதால் சுளகில் புடைத்தால் போகாது. உமி ஒட்டியிருப்பதை முதலில் உரலில் லேசாகக் குத்திப் புடைத்துவிட்டு, உள்ளே வரி போட்ட அரிக்கன் சட்டியில் போட்டு அரித்து எடுக்க வேண்டும். மணி தண்ணீரோடு மேலே ஓடும், மண்ணும் கல்லும் சட்டியின் வரிகளில் தங்கும். அத்தையின் கை இதில் பழகிய கை, எனக்கு இன்னும் அந்த வெட்டு வரவில்லை. அப்புறம் காயவைப்பது. எங்கள் மலையில் வெயில் என்பது பத்து மணிக்கு வந்து ஒரு மணிக்கு மூடுகிற விஷயம், அதன்பிறகு பனிமூட்டம் இறங்கிக் காய்ந்ததையும் நனைக்கும். அரைகுறை ஈரத்தோடு போட்ட குரக்கன் இரண்டு கல்லுக்கும் நடுவில் அப்பிப் பிடித்துக்கொண்டது. மேல் கல்லைத் தூக்கிக் கம்பித்தூரிகையால் சுரண்டி, உமியைப் போட்டுச் சுற்றித் துப்புரவாக்க வேண்டியதாயிற்று. இப்போது வெயிலில் ஆறவிட்டதைத் துணிப்பையில் கட்டி அடுப்புக்கு மேலே பரணில் இரண்டு ராத்திரி வைக்கிறோம். கவ்வாத்து மிலாறு (தேயிலைச் செடியில் வெட்டிவிட்ட குச்சி) எரிகிற சூடு அதற்குப் போதும். ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடித்தால் 'டக்'கென்று உடைய வேண்டும், நசுங்கினால் இன்னும் ஈரம்.

அரைக்கிற விதத்தில் சொல்ல அதிகம் இல்லை. படங்கில் வெள்ளைச் சீலையை விரித்து, இரண்டு பேர் எதிரெதிராக உட்கார்ந்து, ஒருவர் சுற்ற ஒருவர் போட வேண்டும். கைநிறைய அள்ளிப் போட்டால் மேல் கல் எழும்பிக் கொள்ளும், பிறகு குறுணல்தான். மூன்று விரலில் எடுக்கிற அளவு, இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை. வேகம் வேண்டாம். முதல் அரைப்பில் ரவை பதம், சலித்து மேலே நின்றதை மறுபடி போட்டால் மா. ஒரு கிலோவுக்கு ஒரு மணித்தியாலம் போகிறது. கல் மெதுவாகச் சுற்றுவதால் மா சுடுவதே இல்லை, சீலையிலிருந்து அள்ளும்போது குளிர்ந்திருக்கும், பச்சைத் தானிய வாசம் வரும். கடைசியில் சல்லடையில் நிற்கிற தவிடு கோழிக்கு.

ரொட்டிக்கு மூன்று பங்கு குரக்கனுக்கு ஒரு பங்கு கோதுமை மா, தாராளமாகத் தேங்காய்ப்பூ, உப்பு, பொடியாக வெட்டிய வெங்காயம், பச்சை மிளகாய். குரக்கனில் குளூட்டன் கிடையாது, பச்சைத்தண்ணீரில் பிசைந்தால் தட்டும்போதே விளிம்பு வெடிக்கும். கொதிக்கிற தண்ணீரை ஊற்றிக் கரண்டிக் காம்பால் கிளறி, கைபொறுக்கும் சூட்டில் பிசைந்து, வாழையிலையில் தட்டினால் முழுசாக எழும்பி வரும். கட்டச்சம்பல் (இடித்த மிளகாய்ச் சம்பல்) போதும், வேறு எதுவும் தேவைப்படாது. அத்தைக்கு ரொட்டியை விடக் கூழ்தான். முதல் நாள் மாவைக் கரைத்து அடுப்போரத்தில் வைத்துப் புளிக்கவிட்டு, குறுணல் வெந்து வரும்போது ஊற்றிக் கிண்டி, ஆறிய பிறகு மோரும் சின்ன வெங்காயமும். எங்கள் குளிருக்கு ஒரு ராத்திரியில் சரியாகப் புளிக்காது, அடுப்புச் சூடு பட வேண்டும். 100 கிராம் குரக்கனில் 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் இருக்கிறது, தீட்டிய கோதுமை மாவில் அதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. மலை ஏறி இறங்கிக் கொழுந்தெடுத்துத் தேய்ந்த முழங்காலோடு இருக்கிற பொம்பளைகளும் வளர்கிற பிள்ளைகளும் இருக்கிற வீட்டில் இது சின்ன விஷயம் இல்லை.

செலவு: கார்பைட் பிட் 850 ரூபா, ஸ்டெயின்லஸ் கம்பி 600, வைரத்தூள் பிளேட் 1,200, கப் வீல் 2,800, கம்மாலை உளி இரண்டும் சேர்த்து 1,500, முகமூடி கண்ணாடி எல்லாம் 900. மொத்தம் 7,850. மரம் எல்லாம் தோட்டத்தில் கிடைத்தது, கிரைண்டரும் டிரில்லும் இரவல். பள்ளம் வெட்டாமல் நேராகப் புள்ளிக் கொத்துக்குப் போயிருந்தால் பிளேட்டும் கப் வீலும் வாங்கத் தேவையே இல்லை, 3,850 இல் முடிந்திருக்கும். கல் மாமா காசு வாங்கவில்லை, அவருக்குக் கிழமைக்கு ஒரு தடவை மாப் போகிறது.

அடுத்து மாற்றப் போவது இரண்டு. ஒன்று, குறுக்குப் பட்டையில் கம்பி ஊடுருவிப் போகாமல், கம்பியின் முனையிலேயே பட்டை உட்காரும்படி செய்து, அடியில் தகர வளையம் போட்டு உயரத்தைக் கூட்டிக் குறைக்கிற மாதிரி வைக்க வேண்டும். இப்போது பயறு உடைக்க வேண்டுமென்றால் முளையைச் சுற்றிச் சீலை வளையம் போட்டு மேல் கல்லைத் தூக்குகிறோம். உடைபடுகிறது, ஆனால் சீலை அமுங்க அமுங்க இடைவெளி மாறிக்கொண்டே போகிறது. மற்றது, கல்லைத் தரையிலிருந்து 15 அங்குலம் உயர்த்தி ஒரு கட்டையில் வைப்பது. அத்தைக்குத் தரையில் உட்கார முடியாது, எனக்கும் ஒரு கிலோ அரைத்தால் இடுப்புப் பிடிக்கிறது.

புரட்டாசியில் மழை பிடித்ததும் வீட்டுக்கு மேல் உள்ள சரிவில், தண்ணீர்க் கான் ஓரமாகக் கொஞ்சம் குரக்கன் விதைத்துப் பார்க்கிற எண்ணமும் இருக்கிறது. விவசாயத் திணைக்களம் வெளியிட்ட ராவணா, ஓஷத இரண்டில் எது கிடைக்கிறதோ அது. எங்கள் உயரத்துக்கும் பனிக்கும் கதிர் பிடிக்குமா என்பதை விதைத்துத்தான் பார்க்க வேண்டும். அதற்குள் கோழிக்கூட்டு வீட்டுக்காரர்கள் தங்கள் கல்லைக் கொண்டுவந்து எங்கள் இஸ்தோப்பில் இறக்கிவிட்டார்கள். தட்டிப் பார்த்தேன், வெடிப்பு இல்லை, முகம் மட்டும் கண்ணாடியாகத் தேய்ந்திருக்கிறது. கரி குழைத்து வைத்தாயிற்று.